விலங்கு வேடத்துக்குள் வியர்வை எங்கே போகும்?

லார்ப் என்ற கதை விளையாட்டுக்காக ஓநாய் மனிதன், நரிப் பெண், பல்லி வணிகன் என்று விலங்கு வேடம் கட்ட ஆசைப்படுகிறவர்களிடம் ஒரே மாதிரி அறிவுரைதான் சுற்றிச் சுற்றி வருகிறது. வெயிலா, ரோமம் வைத்த ஃபர் துணி வேண்டாம். குளிரா, ஃபர் போதும். மழையா, வேடத்தையே மறந்துவிடு. மூன்றும் பாதி உண்மை, அதனால்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. ஃபர் துளிகூட இல்லாத பல்லி வேடத்துக்குள் எனக்குத் தலை சுற்றியிருக்கிறது. உச்சி முதல் பாதம் வரை ஃபர் போர்த்திய ஓநாயாக ராத்திரி முழுக்கப் பல் கிட்டி நடுங்கியும் இருக்கிறேன்.

இரண்டு தடவையும் தவறு ஒன்றுதான். உள்ளே உண்டான ஈரத்துக்கு வெளியே போக வழி வைக்கவில்லை. வேடம் தைக்கும்போது “இது சூடா, குளிரா” என்று கேட்பதை விட்டுவிட்டு “வியர்வை எங்கே போகும்” என்று கேட்கப் பழகினால், எந்தத் துணி, எங்கே தையல், எங்கே திறப்பு என்பதெல்லாம் பாதிக்குமேல் தானாகவே முடிவாகிவிடும். அந்தக் கேள்வியை அடியிலிருந்து விளக்குகிறேன்.

எந்த விளையாட்டுக்கான வேடம்?

லார்ப் என்பது ஒரு பாத்திரமாகவே மாறி நேரில் ஆடும் கதை விளையாட்டு. மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. காட்டிலோ மைதானத்திலோ பழைய கட்டடத்திலோ கூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேரம் பேசி, சதி செய்து, ஃபோம் வாளால் சண்டை போட்டு, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட அதே ஆளாகவே இருப்பார்கள். அங்கே பாதி மனிதர், பாதி விலங்காக வருபவரைத்தான் விலங்கு மனிதர் என்கிறேன். இரண்டு காலில் நடப்பார், வாய் நிறையப் பேசுவார், காதும் வாலும் நகமும் மட்டும் விலங்குடையவை.

இதை, விழா வாசலில் கரடி பொம்மை உடுப்புக்குள் நின்று கையசைப்பவரின் உடுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கிடைக்கிற செய்முறைகளில் நிறைய அவருக்கானவை. அவர் கொஞ்ச நேரம் வெளியே வருவார், உள்ளே போய்த் தலையைக் கழற்றி வைப்பார், பக்கத்தில் உதவிக்கு ஆள் இருக்கும். லார்ப்பில் நீங்கள் ஓட வேண்டும், தரையில் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், பக்கவாட்டில் வரும் வாள் கண்ணில் பட வேண்டும், கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் முதல் வேடத்தில் யோசிப்பதில்லை. முதுகில் ஜிப் வைத்துத் தைத்த நானும்தான்.

உடம்பு ஓர் அடுப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடந்தால் அது 300 வாட்டை எட்டும். ஓடி, குனிந்து, வாள் சுழற்றினால் 500-ஐத் தாண்டும். இந்தச் சூடு வெளியேறாவிட்டால் உடம்புக்குள்ளேயே சேரும், வேறு கணக்கு கிடையாது.

வெளியேறும் வழிகள் இரண்டு வகை. முதல் வகை உலர்ந்த வழி. தோலைவிடச் சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் சூடு தானாக அந்தப் பக்கம் நகரும். தோலின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். வெளியே 20 டிகிரி இருந்தால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். வெளியே 36 டிகிரி என்றால் வழி அடைபடுவதோடு நிற்காது, சூடு வெளியிலிருந்து உள்ளே வர ஆரம்பிக்கும்.

இரண்டாவது ஈர வழி. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது என்று யோசியுங்கள். பானையின் சுவர் வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையிடமிருந்தே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே பானைக்கு வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் கசிவு நின்றுபோகும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். நம் தோலும் கசியும் பானைதான். வியர்வைதான் அந்தக் கசிவு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஓய்வாக இருக்கும் உடம்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது.

இதில் “ஆவியானால்” என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டி ஓடிய வியர்வையும், துணியில் ஊறிக் கிடக்கும் வியர்வையும் உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீர் போனதுதான் மிச்சம். “நன்றாக வியர்க்கிறது, அதனால் பிரச்சினை இல்லை” என்று வேடத்துக்குள்ளிருந்து சொல்கிறவர் உண்மையில் பெயின்ட் அடித்த பானைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உடம்பு ஓயாமல் சூடு உண்டாக்கும், வெளியே குளிராக இருந்தால் அது உலர்ந்த வழியில் போகும், வெளியே சூடாக இருந்தால் ஈர வழி மட்டுமே மிஞ்சும், அந்த வழிக்குக் காற்று தேவை.

ஓநாய்க்கு ஏன் வேகவில்லை?

நியாயமான கேள்வி. ஓநாய் ஆண்டு முழுக்க ரோமத்தோடுதானே அலைகிறது?

அலைகிறது, ஆனால் அதே ரோமத்தோடு அல்ல. வெயில் காலம் நெருங்கும்போது அடி ரோமத்தைக் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிடும். நாய்க் குடும்பமே உடம்பின் மேல் நம்மைப் போல் வியர்ப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான். அதன் ஈர வழி வாய். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாகிறது, அங்கே ரோமம் கிடையாது. பாலைவன நரியான ஃபென்னெக்குக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள் இருப்பதும் சும்மா இல்லை, அந்த மெல்லிய காதுகள் வழியாக ரத்தத்தின் சூடு வெளியேறும்.

மனிதன் நேரெதிர். 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அதாவது மொத்தத் தோலும் நமக்கு நாக்கு. அதன்மேல் ஓநாயின் தோலைப் போர்த்தினால், ஓநாயின் வாயைக் கட்டிவிட்டு வெயிலில் ஓடச் சொல்வது மாதிரி.

அதற்காக ரோமமே எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் ஆய்வாளர் 1950-களில் சஹாராவில் ஓர் ஒட்டகத்தின் ரோமத்தை மழித்துவிட்டுப் பார்த்தார். மழித்த ஒட்டகம் ரோமத்தோடு இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீரை ஆவியாக இழந்தது. ரோமம் வெயிலை வெளியிலேயே தடுத்து நிறுத்தியிருந்தது; அதன் ஊடாக ஆவி வெளியேறவும் இடம் இருந்தது. ஆக, மேல் வெயிலைத் தடுக்கும் ரோமம் நல்லது, உள் ஈரத்தைத் தடுக்கும் ரோமம் கெட்டது. நாம் கடையில் வாங்கும் ஃபர் துணி எந்த வகை?

ஃபர் துணியைப் புரட்டிப் பாருங்கள்

செயற்கை ஃபர் என்பது பின்னல் துணி ஒன்றில் பிளாஸ்டிக் இழைகளைக் கோத்தது. இழை பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது அதன் உறவான மோடாக்ரிலிக். பின்பக்கம் பெரும்பாலும் பாலியெஸ்டர். பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மெத்தென்று பின்னலின் கண்கள் தெரிந்தால் காற்று போகும். மெழுகு தடவியது போல விறைப்பாக இருந்தால் பசைப் பூச்சு இருக்கிறது, ஆவி கஷ்டப்படும். வாயை ஒட்டவைத்து ஊதிப் பார்ப்பது இன்னும் எளிது. மூச்சு மறுபக்கம் கையில் படவில்லை என்றால் அந்தத் துணி வாலுக்கு ஆகும், நெஞ்சுக்கு ஆகாது.

இழைகளுக்கு இடையே சிக்கிக் கிடக்கும் அசையாத காற்றுதான் கதகதப்பைத் தருகிறது, இழை அல்ல. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஃபர் நனைந்து காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதகதப்பு போய்விடும். நான் நடுங்கிய ராத்திரி நடந்தது அதுதான். மழைகூட இல்லை, சாயங்காலம் ஓடியதில் என் சொந்த வியர்வையே அத்தனையையும் நனைத்திருந்தது.

வெட்டும் முறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலால் சரக்கென்று வெட்டினால் இழைகள் பாதியில் அறுபட்டு, தைத்த இடமெல்லாம் மொட்டையாகத் தெரியும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்னலை மட்டும் பிளேடால் கீறி, மெல்ல இழுத்துப் பிரிக்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பறக்கும் இழை மூக்குக்குள் போனால் நாள் முழுக்கத் தும்மல். ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று அம்புக்குறி போட்டுவிட்டு, எல்லாத் துண்டிலும் அது கீழ்நோக்கி வருமாறு வெட்டினால் மழைத் தண்ணீரும் கூரையில் வழிவதுபோல வழிந்துவிடும். அப்புறம், நீள ஃபரை அப்படியே விடாமல் தலைமுடி வெட்டும் ட்ரிம்மரால் முகத்தருகே குட்டையாகவும் கழுத்தில் நீளமாகவும் இறக்குங்கள். எடை குறையும், காற்று புகும், நிஜ விலங்கு போலவும் இருக்கும். ஒரே நீளத்தில் நிற்கும் ஃபர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தரைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரிதான் தெரிகிறது.

விளிம்பில் விலங்கு, நடுவில் மனிதன்

லார்ப் வேடத்தில் நான் இப்போது பிடிவாதமாக இருக்கும் ஒரே விதி இது. பார்ப்பவர் கண் ஒரு விலங்கை அடையாளம் காண்பது வெளிக்கோட்டை வைத்து: காது, மூக்கின் நீட்சி, தோளின் அகலம், கையின் நுனி, வால், நடை. நெஞ்சும் வயிறும் முதுகும் யாரும் உற்றுப் பார்க்காத இடங்கள். ஆனால் வியர்வை கொட்டுவதோ அங்கேதான். ஆகவே ஃபரைத் தோள்பட்டை, முன்கை, கழுத்துப்பட்டை, கெண்டைக்கால், வால் என்று விளிம்புகளுக்குக் கொடுத்துவிட்டு, நடு உடம்புக்கு அந்தப் பாத்திரம் போடுகிற உடையைப் போடுங்கள். நரிக்கு வணிகனின் தளர்ந்த அங்கி, ஓநாய்க்குத் தோல் கச்சை. சட்டையின் கழுத்து, கை ஓரங்களில் மட்டும் ரோமம் எட்டிப் பார்த்தால் போதும், உள்ளேயும் ரோமம்தான் என்று மூளையே நிரப்பிக்கொள்ளும்.

தளர்ந்த அங்கி என்றேனே, அதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. பாலைவனத்தில் வாழும் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று 1980-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை உறிஞ்சியது உண்மை. ஆனால் அங்கி தளர்ந்திருந்ததால் அந்த உபரிச் சூடு தோலை எட்டும் முன்பே காற்றோடு போய்விட்டது. உள்ளே சூடான காற்று மேலே ஏறிக் கழுத்து வழியாக வெளியேறும், கீழிருந்து புதுக் காற்று வரும், புகைபோக்கி மாதிரி. வேடத்துக்கும் அதே புகைபோக்கியைக் கொடுக்கலாம். கீழே ஓரம் திறந்திருக்கட்டும், கழுத்தில் ஃபர் பட்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், அக்குளில் தையலை விட்டு வலைத்துணி வைத்துவிடுங்கள். கை தூக்கினால் தவிர யாருக்கும் தெரியாது.

கால் விஷயம் சுருக்கமாக. ஓநாய், நரி மாதிரி விலங்குகளுக்கு முட்டி பின்பக்கம் மடங்குவதாகத் தோன்றுவது உண்மையில் குதிகால். அவை குதிகாலைத் தூக்கி விரல்களில் நடக்கின்றன. அந்த வடிவத்துக்காகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஃபோம் திண்டு கட்டுவார்கள். ஃபோமில் இரண்டு ரகம். மெத்தையில் இருக்கும் ஸ்பாஞ்ச் திறந்த அறைகள் கொண்டது, காற்றும் போகும், தண்ணீரையும் குடிக்கும். யோகா விரிப்பு, குழந்தைகளின் புதிர்ப்பாய் மாதிரியான ஈவிஏ ஃபோம் மூடிய அறைகள் கொண்டது, தண்ணீரும் போகாது காற்றும் போகாது. மழை வரும் என்றால் ஈவிஏ, அதில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு. கொம்பு, நகம் எதுவாக இருந்தாலும் சண்டையில் பிறர் மேல் படும், மென்மையான ஃபோமைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.

தலை: பழங்கதையும் உண்மையும்

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. உடம்பின் மொத்தப் பரப்பில் தலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சூடும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் போகிறது. அப்படியானால் முழுத்தலை முகமூடி ஏன் அவ்வளவு வேகவைக்கிறது? இரண்டு காரணம். முகத்தோல் சூட்டை உணர்வதில் மிகக் கூர்மையானது. இரண்டாவது, மூச்சு. ஒவ்வொரு மூச்சும் ஈரமும் சூடும் நிறைந்த காற்றை முகமூடிக்குள் கொட்டுகிறது, அடுத்த மூச்சில் அதையே திரும்ப இழுக்கிறோம். கண்ணில் பிளாஸ்டிக் வில்லை இருந்தால் அந்த ஈரம் அதன்மேல் படிந்து பனிமூட்டம் போட்டுவிடும், எதிரே வருபவர் நிழல் மாதிரித் தெரிவார்.

தொடக்கத்துக்குப் பாதி முகமூடி போதும், அதுதான் நல்லதும்கூட. நெற்றி, கண்சுற்று, மூக்கு வரை மூடி, வாயும் தாடையும் திறந்திருக்கும். பேசுவது கேட்கும், தண்ணீர் குடிக்கலாம். தாடைக்கு வண்ணம் பூசிவிடலாம். முழுத்தலைதான் வேண்டும் என்றால் விலங்கின் வாயையே ஜன்னலாக்குங்கள், உள்ளே கறுப்பு வலைத்துணி வைத்தால் வெளியிலிருந்து இருட்டாகத்தான் தெரியும். காதின் உட்பக்கமும் அப்படியே, உச்சியில் சேரும் சூடான காற்றுக்குக் காதைவிட நல்ல வாசல் கிடையாது. கண்ணுக்கு வில்லையைத் தவிர்த்து வலையே வையுங்கள். கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி ஒன்றைப் பவர் பேங்கில் ஓடவிட்டு மூக்கருகே வைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், வெளிக்காற்றை உள்ளே இழுக்கவும் உள்காற்று வெளியேறவும் தனித்தனித் துளை இருந்தால். மூடிய தலைக்குள் விசிறி வெறும் ஆவியைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

பல்லி வேடம் எனக்கு ஏன் தலை சுற்றவைத்தது என்பது இப்போது புரிந்திருக்கும். ரப்பர் மாதிரியான லேட்டக்ஸ் பூச்சு உடம்பு முழுக்க, அது பானைக்கு அடித்த பெயின்ட். இப்போது செதில்களை ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறியிருக்குமாறு வலைத்துணியில் தைக்கிறேன், மேல் விளிம்பில் மட்டும் தையல். மழை மேலே வழிந்து போகிறது, ஆவி இடுக்கு வழியே வெளியேறுகிறது, நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தமும் வருகிறது. தோலின் மேல் லேட்டக்ஸ் போடுவதாக இருந்தால் முன்பே கையில் சிறிய துண்டை வைத்துச் சோதியுங்கள், சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக வரும்.

சரி, வெயில் சுள்ளென்று அடித்தால்?

காற்று வறண்டிருந்தால் இது எளிய நிலைமை. ஈர வழி முழுத் திறனோடு வேலை செய்யும். தளர்ந்த உடை, நிழல் தரும் மேல் அங்கி, விளிம்பில் ஃபர், அவ்வளவுதான். உள்சட்டை மெல்லிய பருத்தியாக இருக்கலாம், ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாகவிடும். காரில் வேடத்தை விட்டுவைக்க மட்டும் வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய கார் அடுப்பாகிவிடும், சூடாக்கி ஒட்டும் க்ளூ கன் பசை இளகிக் காது ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். உருவம் தாங்கும் இணைப்புகளுக்கெல்லாம் செருப்பு அடிப்பாகத்துக்குப் பூசும் ரப்பர் பசைதான் நம்பகமானது. இரண்டு பக்கமும் பூசி, கை வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள், அந்த வாடை நல்லதில்லை.

புழுக்கம், இதுதான் உண்மையான வில்லன்

புழுக்கம் என்றால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நிலை. துணி உலர்த்தும் கொடியை நினையுங்கள். 30 டிகிரியில் வறண்ட காற்றில் ஒரு மணி நேரத்தில் காயும் சட்டை, மழைக்கு முந்தைய அதே 30 டிகிரியில் மாலை வரை நசநசத்துக் கிடக்கும். உங்கள் தோலுக்கும் அதே கதி. வெப்பமானியைப் பார்த்து “நேற்று மாதிரிதானே” என்று முழு வேடத்தோடு கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தண்ணீரில் நனைத்துப் போடும் குளிர்ச்சிக் கச்சைகளும் ஆவியாவதை நம்பித்தான் இருக்கின்றன. புழுக்கத்திலும் சரி, ஃபருக்கு அடியிலும் சரி, அவை வெறும் ஈரத்துணி. ஐஸ் பொதிகள் வேலை செய்யும், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் கரைவதற்கு எடுத்துக்கொள்வது 334 கிலோஜூல். நடக்கும்போது வரும் 300 வாட்டை அது ஒன்றே சமாளிக்க வேண்டும் என்றால் இருபது நிமிடம்கூடத் தாங்காது. கிட்டத்தட்ட 140 மில்லி வியர்வை ஆவியாவதும் ஒரு கிலோ ஐஸைச் சுமப்பதும் ஒன்று. எனவே ஐஸ் என்பது இளைப்பாறும்போது கழுத்திலும் அக்குளிலும் வைத்துக்கொள்ள. நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்பிக்கொண்டு திரிய அல்ல.

அப்படியானால் புழுக்கத்தில் என்னதான் செய்வது? வேடத்தைப் பிரித்துக் கழற்றும்படி கட்டுங்கள். தோள், முன்கை, வால், முகமூடி எல்லாம் தனித்தனியாக, வெல்க்ரோவோ கொக்கியோ போட்டு, பிறர் உதவி இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் கழற்றக்கூடியதாக. காதும் வண்ணமும் வாலும் மட்டும் மிஞ்சினாலும் நீங்கள் நரிதான். பாத்திரத்தை எழுதும்போதே “வெயிலில் சோம்பிக் கிடக்கும் பூனை” என்று எழுதிக்கொண்டவர் புத்திசாலி. மதியம் முழுக்க மரநிழலில் படுத்திருக்கலாம், அதுவும் நடிப்பில் சேர்த்தி.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கொட்டும் வியர்வை என்று வந்தால் அது வெப்பச் சோர்வு. உடனே முகமூடியைக் கழற்றி, நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தோலை நனைத்து விசிறிக்கொள்ள வேண்டும். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத் தாக்கம். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், உயிருக்கு ஆபத்து. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை சும்மா நிற்காமல் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேடத்தை வெட்டிக் கிழிக்க வேண்டியிருந்தால் கிழியுங்கள். லார்ப்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காயம் பட்டவராகவும் மயங்கியவராகவும் எல்லாரும் நடித்துக்கொண்டிருப்பார்கள், உண்மையா நடிப்பா என்று தெரியாது. நிஜமாகவே முடியவில்லை என்பதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே கூட்டாளிகளோடு பேசிவையுங்கள்.

மழை

வால்தான் மழையின் முதல் பலி. பஞ்சு அடைத்த நீள வால் நனைந்தால் வாளித் தண்ணீரை இடுப்பில் கட்டிக்கொண்ட மாதிரி. பெல்ட் கீழே சரியும், ஒவ்வொரு அடிக்கும் வால் நுனி கெண்டைக்காலில் சொத்தென்று அறையும், சேறு முதுகு வரை தெறிக்கும். பஞ்சுக்குப் பதிலாக, நீச்சல் பழகுபவர்கள் பிடித்துக்கொள்ளும் மூடிய அறை ஃபோம் குழாயைச் சீவி உள்ளே வைத்து, நுனியில் விரல் நுழையும் ஓட்டை விடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். வாலைப் பெல்ட்டோடு தைக்காமல் கொக்கியில் மாட்டினால், யாராவது மிதித்தால் வால் மட்டும் கழன்றுவரும், நீங்கள் மல்லாந்து விழமாட்டீர்கள்.

மழைக்கோட்டை ஃபருக்கு அடியில் போடுவது பலருக்கும் தோன்றும் யோசனை. வெளித் தண்ணீர் வராது, உள் வியர்வையும் போகாது, ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் நனைந்திருப்பீர்கள். அதைவிட ஃபருக்கு மேலே தளர்ந்த மேலங்கி நல்லது. மெழுகுத் துணியோ கெட்டிக் கம்பளியோ, பயணியின் போர்வை மாதிரி, கதைக்கும் பொருந்தும். முகத்துக்கு நீரில் கரையும் வண்ணம் மழையிலும் வியர்வையிலும் வழிந்துவிடும். ஆல்கஹால் அடிப்படையிலான வண்ணம் தாக்குப்பிடிக்கும், கழற்ற அதற்கான திரவம் வேண்டும், கண்ணருகே பூசக் கூடாது.

குளிரும் காற்றும்

ஃபர் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அடியில் ஒன்றும் போடாமல் வருவதுதான் இங்கே வழக்கமான தவறு. பின்னல் துணி வழியாகக் காற்று சுலபமாகப் புகுந்து, சிக்கியிருந்த கதகதப்பான காற்றைத் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆர்க்டிக்கின் இன்யுயிட் மக்கள் இதற்குக் கண்ட வழி அழகானது. கரிபூ மானின் தோலில் இரண்டு உடுப்பு, உள்ளே போடுவதில் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், வெளியே போடுவதில் ரோமம் வெளியே. நடுவில் இரண்டு தோல்களும் காற்றைத் தடுக்கும். நாமும் ஃபருக்கும் உடம்புக்கும் நடுவில் நெருக்கமாக நெய்த மெல்லிய துணி ஒன்றை லைனிங்காக வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

தோலை ஒட்டி கம்பளி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாத துணி அது. வெயிலில் நண்பனாக இருந்த பருத்தி இங்கே துரோகி, ஊறிய ஈரத்தோடு உடம்போடு ஒட்டிக்கிடக்கும். அப்புறம், ஓடப் போகிறீர்கள் என்றால் ஓடுவதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். லேசாகக் குளிர்கிற நிலையில் சண்டையைத் தொடங்கினால் முடியும்போது சரியாக இருக்கும். கதகதப்பாகத் தொடங்கினால் நனைந்து முடிப்பீர்கள், பிறகு உட்கார்ந்ததும் நடுக்கம் ஆரம்பிக்கும்.

குளிர் என்றால் தீயும் இருக்கும். அக்ரிலிக் ஃபர் பொறி பட்டால் உருகும், பற்றினால் மளமளவென்று எரியும், உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டும். மோடாக்ரிலிக் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. வாங்கிய துணி எது என்று தெரியாவிட்டால் சிறு துண்டை வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். நன்றாக எரிந்தால், வாலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தீயருகே உட்கார வேண்டும்.

தராசில் நிறுத்துப் பாருங்கள்

வேடம் சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் தராசைப் பார்க்கிறேன். ஃபர், உள்சட்டை, முகமூடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நிறுத்து எழுதிவையுங்கள். பிறகு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, தண்ணீரும் ஒரு துணையாளும் பக்கத்தில் இருக்க, அரை மணி நேரம் வேகமாக நடங்கள், படி ஏறி இறங்குங்கள், வாள் சுழற்றுங்கள். கழற்றி மறுபடி நிறுங்கள். கூடியிருக்கும் எடை அத்தனையும் ஆவியாகாமல் உள்ளே மாட்டிக்கொண்ட வியர்வை. முதல் ஓநாயில் எனக்கு 400 கிராம் கூடியது. அக்குளைத் திறந்து, முதுகு ஃபரை எடுத்துவிட்டு, கழுத்துப் பட்டையைத் தளர்த்திய பிறகு அதே அரை மணிக்கு 90 கிராம். எந்தத் துண்டு அதிகம் கனக்கிறது என்று தனித்தனியாக நிறுத்தால் கத்தரி எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நிறுத்து முடித்ததும் எல்லாவற்றையும் உட்புறம் வெளியே திருப்பி, நிழலில், விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். சூடான உலர்த்தியில் போட்டால் இழை சுருண்டு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். மறுநாள் வாலின் அடிப்பகுதியை, பெல்ட்டில் மாட்டும் இடத்தை, இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான். அங்கே குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஒரு நாள் தொங்கட்டும்.